அலுவலகத்தில் பெய்த மழை

தன் நாற்காலியை யாரோ தூக்கிக்கொண்டு போயிருந்தும் பட்டாசு வாயைத் திறக்கவில்லை. பேனா ஒன்று இடம் மாறினாலே தளத்தையே இரண்டாக்கிவிடுகிறவள். அதனால்தான் அவளுக்கு அந்தப் பெயர். இன்று மேசைமேல் குனிந்து, நின்றபடியே தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துக் கிடந்துவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்த அக்காவுக்கு (புகார்ப் பிரிவில் எல்லோருக்குமே அவள் அக்காதான்) அது என்னவோ போலிருந்தது. அதைவிட எரிச்சலாக இருந்தது அந்த இரைச்சல். தூரத்தில் எங்கோ அடைமழை கொட்டுவதுபோல, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், ஓயாமல் காதுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. அச்சு இயந்திரத்தின் கடகடப்பு, ஏசியின் உறுமல், பக்கத்து மேசைக்காரர் காலாட்டும்போது கிறீச்சிடும் இரும்பு, யாரோ யாரையோ திட்டுவது என்று நாள் முழுக்க அவளைப் பிடுங்கித் தின்னும் சத்தங்கள் எல்லாவற்றையும் அது விழுங்கிவிட்டிருந்தது. ஊறிப்போன அட்டைப் பெட்டியைப்போல ஓர் ஈரவாடை வேறு.

“என்னடி இது எழவு சத்தம்?”

“மேனேஜர் ஸ்பீக்கர் வெச்சிருக்காருக்கா. மழைச் சத்தம். மனசு அலையாதாம்.” பட்டாசு திரும்பாமலே சொன்னாள்.

“அது கெடக்கட்டும். இன்னிக்கு எல்லாரும் சேந்து உள்ள போறோம்ல? தம்பி விஷயமா?”

தம்பி, கணக்குப் பிரிவில் இருந்த இளைஞன். நெஞ்சு வலிக்கிறது, வீட்டுக்குப் போகிறேன் என்று கெஞ்சியவனை, வேலையை முடித்துவிட்டுப் போ என்று உட்கார வைத்தார் மேலாளர். மேசைமேல் தலை சாய்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போன அன்று, அந்த ஆளின் சட்டையைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று முதலில் கத்தியவளே பட்டாசுதான்.

“எதுக்குக்கா? போனவன் போயிட்டான்.”

அக்கா ஒவ்வொரு மேசையாகப் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதவர்கள், சத்தியம் செய்தவர்கள், எல்லோரும் தூக்கம் கலையாத குழந்தைகளைப்போல அவளைப் பார்த்தார்கள். “விடுங்கக்கா” என்றார்கள். சொல்லிவிட்டு, உதடுகளைச் சரியாக மூடாமலே திரும்பிக்கொண்டார்கள்.

தூ, மானங்கெட்ட ஜென்மங்களா! அவள் தனியாகவே மேலாளர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

“மனுஷனாய்யா நீ? ஒரு உயிரைக் கொன்னுட்டு, மழையப் போட்டு எங்க வாயை அடைக்கிறியா? நிறுத்துய்யா அதை!”

மேலாளரின் முகம் வெளுத்திருந்தது. காதுகளில் பஞ்சு. பாய்ந்து வந்து கதவைச் சாத்தினார்.

“கத்தாதம்மா. நிறுத்தியாச்சு. எல்லாரும் இப்படி ஆனதைப் பாத்துப் பயந்து, போட்ட மறுநாளே கழட்டச் சொல்லிட்டேன்.” கதவுக்கு வெளியே கை காட்டினார். “மேல பாத்தியா நீ?”

“பொய்!”

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். கூரையில் வட்ட வட்டமாக ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் அறுந்த ஒயர் தொங்கியது.

முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

இரைச்சல் மேலேயிருந்து வரவில்லை. பட்டாசின் திறந்த வாயிலிருந்து வந்தது. பக்கத்து மேசைக்காரரிடமிருந்து. எல்லோரிடமிருந்தும். மூச்சு வாங்கக்கூட நிற்காமல்.

கைபேசி அதிர்ந்தது. பள்ளி விட்டு வந்ததும் மகள் பேசுவாள். பழக்கத்தில் கை தானாக எடுத்துக் காதில் வைத்தது. ஆனால் கோபம் தொண்டைவரை ஏறியிருந்தது. முதலில் இவர்களைக் கத்தி எழுப்ப வேண்டும். கன்னத்தில் அறைந்தாவது எழுப்ப வேண்டும். வாயைத் திறந்தாள்.

“அம்மா? அங்க மழையாம்மா?”

இல்லடி கண்ணு. போனை வை. வெச்சிடு.

நாக்கு புரளவில்லை. வாயை மூட முடியவில்லை. மேசைகளிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின.

“பேசும்மா.”

பதில் போகவில்லை. மழைதான் போனது. மறுமுனையில் குழந்தையின் மூச்சு மெல்ல மெல்ல நிதானமானது.

“நல்லாயிருக்கும்மா. வைக்காத.”

அதற்குப் பிறகு குழந்தையும் பேசவில்லை. அந்தப் பக்கத்திலும் மழை பிடித்துக்கொண்டது.