இடது பக்கப் பிரேக்

கார் நின்ற பிறகுதான், தன் வலது கால் இன்னும் ஆக்ஸிலேட்டர் மேலேயே இருப்பதை அவள் கவனித்தாள்.

பிற்பகல் மூன்று மணி. நேரான சாலை. முன்னால் வண்டி இல்லை, ஆள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. டயர்கள் கிறீச்சிட்ட ஓசை இருபுறத்து மதில்களிலும் மோதித் திரும்பி வந்து, மெல்ல அடங்கி, பிறகு எஞ்சினும் அணைந்துபோக, எரிந்த ரப்பரின் நெடி சன்னல் வழியாக ஏறி அவள் நாக்கின் அடியில் கசப்பாகத் தங்கியது.

பன்னிரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எந்தப் பெடலை மிதித்தோம் என்பதில் அவளுக்குக் குழப்பம் வராது. பிரேக்கை அவள் தொடவே இல்லை.

அது பயிற்சிக் கார். ஓட்டுபவருக்கு ஒரு பிரேக். இடது இருக்கையில் உட்காரும் ஆசிரியருக்கு இன்னொன்று. இரண்டையும் ஓர் இரும்புக் கம்பி இணைத்திருந்தது. ஒன்றை மிதித்தால் மற்றதும் சேர்ந்து இறங்கும்.

இடது இருக்கையில் யாரும் இல்லை.

ஊர்ந்து ஊர்ந்து பட்டறைக்கு வந்து சேர்ந்தாள். வழக்கமாக அந்தக் காரைப் பார்க்கும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்ன டீச்சர், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"வண்டி தானா நின்னுடுச்சுண்ணே. பிரேக்கைப் பாருங்க."

"நிக்கலன்னுதான் எல்லாரும் வருவாங்க. நின்னுடுச்சுன்னு வர்ற மொத ஆள் நீங்கதான்."

அவள் சிரிக்கவில்லை. அவர் ஜாக்கி வைத்துச் சக்கரங்களைக் கழற்றினார். தகரக் கூரைமேல் தூறல் விழ ஆரம்பித்தது. கிரீஸும் ஈரத் துணியும் கலந்த வாடை, போல்ட்டுகள் தட்டில் விழும் சத்தம், மூலையில் காற்றடிக்கும் இயந்திரம் அவ்வப்போது விடும் பெருமூச்சு. அத்தனைக்கும் நடுவில் அவள் காரின் இடது கதவையே பார்த்தபடி நின்றாள்.

"ரெண்டு முன் டயரும் உள்ளங்கை அகலத்துக்குத் தேஞ்சிருக்கு, பாருங்க. மிதிச்சவங்க முழு பலத்தோட மிதிச்சிருக்காங்க."

"நான் மிதிக்கலண்ணே."

"பேடு நல்லா இருக்கு. ஆயிலும் ஒழுகல. பிரேக்கு யார் காலையும் வாராது டீச்சர்." டயரைத் தடவிக்கொண்டே, நிமிராமல் சொன்னார். "போன மாசமும் இது நல்லாத்தான் இருந்துச்சு."



போன மாதம் இதே காரை ஒரு மாணவி ஓட்டினாள். இருபது வயதுப் பெண், பயந்த சுபாவம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு தபால்காரர் சாலையைக் கடந்தார். மாணவி உறைந்துபோனாள். ஆசிரியர் பக்கத்துப் பிரேக் இருப்பதே அந்த நொடிக்காகத்தான். அந்த நொடியில் இவள், அக்கா போனில் அனுப்பிய குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தபால்காரர் அங்கேயே இறந்தார். 'நான் மிதிச்சேன் சார், இவதான் ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுக்கல' என்று இவள் போலீஸில் சொன்னாள். அந்தப் பெண் மறுத்துப் பேசவில்லை. அழ மட்டும் செய்தாள். வழக்கு இப்போது அந்த மாணவியின் தலையில்.

"உள்ள உக்காருங்க டீச்சர். கடைசியா ஒரு தடவை பாத்துடலாம்," என்றார் மெக்கானிக். சக்கரங்களை மாட்டியாகிவிட்டது. இடது முன் சக்கரம் மட்டும் ஜாக்கியில் தூக்கி நின்றது. அதன் பக்கத்தில் குந்தினார். தலை மறைந்தது, குரல் மட்டும் வந்தது.

அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவர் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். சரசரவென்று சுழன்றது.

"மிதிங்க."

மிதித்தாள். நின்றது.

"விடுங்க."

விட்டாள். சுழன்றது.

"மிதிங்க… விடுங்க."

விட்டாள்.

"விடுங்க டீச்சர்."

"விட்டுட்டேண்ணே."

"சக்கரம் அசையலையே. காலை எடுங்க."

குனிந்து பார்த்தாள். அவள் கால் பெடலிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. பெடல் அடிவரை இறங்கிக் கிடந்தது. மெல்லத் தலையை இடப்பக்கம் திருப்பினாள். ஆசிரியர் பக்கத்துப் பெடலும் தரையோடு தரையாக. அதன் ரப்பர் நடுவில் குழிந்திருந்தது. குழி இன்னும் ஆழமாகிக்கொண்டிருந்தது.

இரண்டு கால்களையும் இருக்கைமேல் இழுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் மிதிக்கலண்ணே." குரல் அவளுடையதாகவே இல்லை. "போனைப் பாத்துட்டிருந்தேன். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல."



"தெரியும்மா," என்றார் அவர், கீழேயிருந்து. "அன்னிக்கே தெரியும். அப்ப டயர் தேயவே இல்லையே. இப்பவாவது காலை எடுங்க."

"எடுத்துட்டேன். சொல்லியும் சொல்லிட்டேனே. சொல்லிட்டேனே…"

பெடல் எழவில்லை.

மெக்கானிக் முழங்காலைப் பிடித்தபடி எழுந்து, இடது சன்னல் வழியே உள்ளே பார்த்தார். அவர் கண்கள் அவளிடம் வரவில்லை. பாதி வழியில் நின்றன. கையிலிருந்த ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது.

அவள் கதவைத் திறக்க முயன்றாள். கைப்பிடி பிடிபடவில்லை.

பின்னால் 'கர்ர்' என்ற சத்தம். மெதுவாக.

இடது இருக்கையின் பெல்ட் தானாக வெளியே நீண்டது. குறுக்கே வந்தது. கிளிக்.

இருக்கையில் படியாமல், ஒரு மார்பின் உயரத்தில், வெறுங்காற்றைச் சுற்றி இறுகி நின்றது. பிறகு அது மெல்ல விம்மியது. தாழ்ந்தது. விம்மியது.