பின்னறை ரேடியேட்டர்

கதவைத் திறந்ததும் குளிர் உள்ளேயிருந்து வெளியே வந்தது. மேரிசாந்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். நவம்பர்க் குளிர் என்றால் தெருவிலிருந்து நம் முதுகோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும். இதுவோ எதிரே வந்து, நனைந்த துணியைப் போல் முகத்தில் படிந்து, கழுத்துச் சால்வைக்குள் இறங்கியது. மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீடு அப்படித்தான் இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

பிற்பகல் மணி மூன்று; இன்னும் ஒரு மணி நேரத்தில் இருட்டிவிடும். குட்மேய்ஸ் என்ற ஆங்கிலேயப் புறநகரிலிருந்த அந்த வீட்டை அவளும் கணவன் றொனால்டும் பன்னிரண்டு வருடங்களாக வாடகைக்கு விட்டு வந்தார்கள். ஒவ்வொரு வருடமும் பனி தொடங்குமுன் அவள் ஒரு நாள் வந்து வீட்டைச் சூடாக்கும் பொயிலரைப் போட்டுப் பார்ப்பாள். அறைகளில் சுடுதண்ணீர் ஓடும் ரேடியேட்டர்களில் அடைபட்ட காற்றைத் திறந்துவிடுவாள். கூரைக்கடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் உறையாதபடி உறை போடுவாள். போன வருடம் மட்டும் வரவில்லை.

இந்த முறை வராமல் இருக்க முடியாது. சனிக்கிழமை கௌசி என்ற பெண் இருபது நாள் குழந்தையோடு குடிவருகிறாள். காலையில்தான் போன் எடுத்துக் கேட்டிருந்தாள்.

"அக்கா, பிள்ளைக்கு வீடு சூடா இருக்கும்தானே?"

"ஓம் கௌசி. நான் இண்டைக்கே போய்ப் பாக்கிறன்."

கோடையில் மாட்டிய புதுப் பொயிலர் மெல்ல உறுமிப் பற்றிக்கொண்டது. குசினி, முன்னறை, மாடிப்படிக்கடி என்று ரேடியேட்டர்கள் ஒவ்வொன்றாகச் சூடேறின. எரிந்த தூசியின் மணம் எழுந்தது. அது அவளுக்குப் பிடித்த மணம். மனம் கொஞ்சம் இளகியது. மாடிக்குப் போய்ப் பின்னறையின் ரேடியேட்டரில் கை வைத்தாள். கை சுரீர் என்றது. சூட்டால் அல்ல.

காற்று அடைத்திருக்கிறது. வேறொன்றுமில்லை. முழந்தாளிட்டு, கீழே துணியைப் பிடித்துக்கொண்டு, ஓரத்துச் சிறு திருகைச் சாவியால் கால் சுற்றுத் திறந்தாள். உஸ்ஸ் என்று காற்று கிளம்பியது. வழக்கமாகச் சில நொடிகள்தான் வரும். பிறகு துப்பித் துப்பித் தண்ணீர் வந்துவிடும். இது ஒரு நிமிடம் வந்தது. இரண்டு நிமிடம் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வந்த காற்றில் குழாய்த் துருவின் மணம் இல்லை. கோடாலித் தைலமும், நாள்பட்ட கம்பளியும், சாப்பிடாத வாயும் கலந்த மணம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பின்வளவுகள் ஒவ்வொன்றாக இருண்டுகொண்டிருந்தன.

சத்தம் நின்றது.

அவள் கையிலிருந்த துணி மெல்ல அசைந்து, அந்தத் துவாரத்தோடு போய் ஒட்டிக்கொண்டது.

உள்ளே இழுபட்டது. நின்றது. பிறகு விட்டது. மறுபடி இழுபட்டது.

சாவியை இறுக்கித் திருகினாள். இந்த அறையில்தான், முன்பு வாடகைக்கு இருந்த குலசேகரம் ஐயா படுப்பார். தனி மனிதர். ஊரில் தபாலதிபராக இருந்தவர். போன ஜனவரியில், அவள் மன்னாருக்குப் புறப்படுகிற வாரம், மூன்று தரம் போன் எடுத்தார். "பிள்ளை, பொயிலர் நிண்டு போச்சு. எனக்குக் குளிர் தாங்கேலாமல் கிடக்கு." மூன்று தரமும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "நாளைக்கு ஆளை அனுப்புறன் ஐயா." நான்காம் தரம் அழைப்பு வந்தபோது பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். எடுக்கவில்லை. ஐந்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிட்டார். இதயம் நின்றுவிட்டது என்றார் டொக்டர். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. நான்காவது அழைப்பைப் பற்றி அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

டொக். சுவருக்குள் ஏதோ தட்டியது. டொக், டொக். ரேடியேட்டரிலிருந்து மேலேறி, முகட்டைத் தாண்டி, தலைக்கு மேல் போய் ஓய்ந்தது.

றொனால்டுக்குப் போன் போட்டாள்.

"பைப் சூடாகேக்கை சத்தம் போடும்தானே," என்றான் அவன். "உனக்கு ஏன் குரல் நடுங்குது?"

"வீடு குளிருதப்பா."

"மேலை கூரைக்கடி லொஃப்டுக்கை பைப் உறைஞ்சிட்டுதோ தெரியாது. ஏலாட்டி விட்டுட்டு வா, ஞாயிற்றுக்கிழமை நான் பாக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் இந்த அறையில் குழந்தை ஒரு இரவு தூங்கியிருக்கும். "இல்லை, நானே பாக்கிறன்," என்றாள். இன்னொரு தரம் 'நாளைக்கு' என்று சொல்ல அவளால் முடியாது.

லொஃப்டின் மடக்கு ஏணியை இழுத்து இறக்கினாள். ஏறினாள். போன் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது அவள் மூச்சின் வெண்புகை. பிறகு மரச் சட்டங்கள், அவற்றின் மேல் படர்ந்த, குளிர் தடுக்கும் மஞ்சள் கண்ணாடிப் பஞ்சு, நடுவே நடந்து போகப் போட்ட பலகை. முழந்தாளில் தவழ்ந்து குழாயைத் தொட்டாள்.

குழாய்க்கு ஏற்கெனவே உறை போட்டிருந்தது.

மண்ணிறக் கம்பளிச் சட்டையின் கை ஒன்று இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அடுத்து, கிழித்துச் சுற்றிய, இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட சாரம். அடுத்து, குரங்குத் தொப்பி. காலுறைகள். ஐயாவின் இந்த உடுப்புகளை அவளே பெப்ரவரியில் கறுப்புப் பைகளில் கட்டி, தருமத்துக்குப் பழந்துணி வாங்கும் சரிற்றிக் கடையில் கொடுத்திருந்தாள்.

போகவேண்டும். இறங்கவேண்டும். உடம்பு கேட்கவில்லை. பற்கள் அடித்துக்கொண்டன.

வெளிச்சம் கூரையின் சரிவு மூலைக்குப் போனது.

அங்கே பஞ்சு உயர்ந்திருந்தது. ஒரு ஆள் நீளம். முழங்கால் மடக்கிய உருவம். கழுத்து வரை இழுத்துப் போர்த்தியிருந்தது. தலை இருக்கவேண்டிய இடத்தில் இருட்டு.

பஞ்சு, மூச்சு விடுவது போல், ஏறியது. இறங்கியது.

"ஐயா," என்றாள்.

"குளிருதோ, பிள்ளை?"

கோபமே இல்லாத குரல். பரிவான குரல்.

பஞ்சின் விளிம்பு உயர்ந்தது. பக்கத்தில் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டு, போர்வையைத் தூக்கிப் பிடிப்பது போல, அப்படியே நின்றது. இறங்கவில்லை. காத்திருந்தது.

மேரிசாந்தி குனிந்து பார்த்தாள். அவளது ஒரு முழங்கால், அவள் அறியாமலே, பலகையைத் தாண்டி அந்தப் போர்வைப் பக்கம் போயிருந்தது.