ஹெனுட்டின் மார்பில் வைத்த வண்டு

நண்பகலில் என் தம்பி கஹா ஒரு குடம் பீரோடு பட்டறைக்கு வந்தான். அவன் மனைவி ஹெனுட் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. பதப்படுத்துவதற்காக உடல் இன்னும் உப்பில் கிடந்தது.

"அண்ணே, அவளோட புதைக்க மார்புல வைக்கிற கல்லு வண்டை நீங்கதான் செதுக்கணும்."

"வேற எவன் செதுக்குவான்?"

"அடியில வழக்கமா எழுதுறதுதான். 'நெஞ்சே, எனக்கு எதிரா சாட்சி சொல்லாதே.' கூடவே, 'என் புருஷன் கஹாவுக்கு எதிராவும் சொல்லாதே'ன்னு..."

உளியைக் கீழே வைத்தேன்.

"பாம்பு கடிச்சுதுன்னு ஊர் பூரா சொன்னியே. அவ கழுத்தை நானும் பார்த்தேன். பாம்புக்கு எப்படா பத்து விரல் முளைச்சுது?"

அவன் தலை குனிந்தான். "செத்தவங்க நெஞ்சை எடைபோடுற ஒசிரிஸ் தராசுல அவ நெஞ்சு வாயைத் திறந்தா, நம்ம அப்பா பேரும் நாறிடும்ணே."

நான்கு தலைமுறையாக அரண்மனைக்கு நகை செய்த வீடு எங்களுடையது. அதைக் கொலைகாரன் வீடு என்று ஒருவனும் சொல்லக் கூடாது. பச்சைக் கல்லில் தம்பியின் பெயரை ஆழமாகவே வெட்டினேன்.

தவறு அங்கேதான். தாயத்துகளில் கழுகு காக்கும். நாகம் எரிக்கும். சாண வண்டோ, புதைந்ததை உருட்டி மேலே கொண்டுவரும். ஒரு வாயை அடைக்க நான் அந்தப் பிராணியைப் போய் நம்பினேன். அதன் காலடியிலேயே தம்பியின் பெயரைக் கொடுத்தேன்.

எழுபதாம் நாள் வண்டை அவள் மார்பில் வைத்துக் கல்லறையை மூடினோம். மூன்று நாள் கழித்துக் கஹா தள்ளாடி வந்தான்.

"உள்ள ஏதோ பிராண்டுதுண்ணே."

அவன் மார்பில் காது வைத்தேன்.

துடிப்பு இல்லை.

மணலில் எதையோ உருட்டும் சத்தம். கரகர. கரகர.

அவன் வாயில் உப்பும் பிசினும் கலந்த வாடை வீசியது. உதடுகள் பிரிந்தன. வந்தது ஹெனுட்டின் குரல்.

"நல்லா ஆழமாத்தான் வெட்டியிருக்கீங்க, மாமா."

தம்பி பிணமாக என் காலடியில் சரிந்தான்.

உடலைப் பதப்படுத்த அவன் விலாவைக் கீறிய உப்புக்காரர்கள் என்னைத் தனியே அழைத்துக் காட்டினார்கள். நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில், கச்சிதமாக உருட்டிய ஒரு சாண உருண்டை.

பாம்பு கடித்தது என்று ஊருக்குச் சொன்னேன்.

இன்று காலை தம்பிக்காக, வெட்டாத பச்சைக் கல் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு நீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மேசையெங்கும் கல்தூள். கல் வண்டாகியிருந்தது.

புரட்டிப் பார்த்தேன். என் கை வெட்டும் அதே எழுத்து.

என் பெயர்.

ஆழமாகவே இருந்தது.