பன்னிரண்டாவது பை

“கொஞ்சம் சில்லுன்னு ஏறும்மா. கை பாரமா இருக்கும். நாக்குல துரு ருசி வரும், பயப்படாதீங்க. ஊசி பக்கத்துல எரிஞ்சா மட்டும் உடனே சொல்லணும், என்ன?”

செவிலி மெர்சி மாதாமாதம் சொல்வதையே சொன்னாள். ஆவுடையம்மாள் மாதாமாதம் சிரிப்பதுபோலவே ஒன்றும் புரியாமல் சிரித்தாள். நரம்புகாட்டியின் பச்சை ஒளி அவள் கையில் மேய்ந்து ஓரிடத்தில் நின்றது. ஊசி ஏறியது. மேலே தொங்கிய பையிலிருந்து தெளிநீர் சொட்டத் தொடங்கியது.

கால் மணி நேரத்தில் மனைவி விழித்துக்கொள்வாள் என்று உலகநாதனுக்குத் தெரியும். பை தீரும்வரை இரண்டு மணி நேரம், அவள் பழைய ஆவுடை. பள்ளிக்கூடத்தையே அதட்டி வைத்திருந்த கணக்கு டீச்சர். பை தீர்ந்ததும் மறதி வந்து மூடிக்கொள்ளும். இந்த இரண்டு மணி நேரமும் சேர்ந்தே போய்விடும்.

“இந்தத் தடவையாவது கையெழுத்துப் போடுவாங்களா ஐயா?” மெர்சி தணிந்த குரலில் கேட்டாள்.

“கேட்டுப் பாக்கேன்மா.”

அவர் மடியில் சிகிச்சையை நிறுத்தும் படிவம் இருந்தது. மறதி நோயாளிக்கு மாதம் ஒரு பை தெளிநீர் சட்டப்படி உரிமை. வேண்டாம் என்று சொல்ல வேறு யாராலும் முடியாது. தெளிந்திருக்கும்போது நோயாளியே சொல்ல வேண்டும். அதனால்தான் அந்த அறையில் நோயாளியிடம் யாரும் பொய் சொல்லக் கூடாது. சொன்னால் சுவரில் இருக்கும் மெய்விளக்கு சிவக்கும்.

“ஏங்க, என்ன இப்படி இளைச்சுட்டீங்க? சட்டையத் தேய்ச்சுப் போட ஒரு ஆளு வேணுமா ஒங்களுக்கு?”

விழித்துவிட்டாள். அடுத்து மகளைத்தான் கேட்பாள் என்று அவருக்குத் தெரியும்.

“பவளம் வரலியா?”

“பவளம் இல்ல ஆவுடை. போன ஐப்பசியில போயிட்டா.”

விளக்கு வெள்ளையாகவே இருந்தது. அவள் அதைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். மெர்சி வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

அழுது ஓய்ந்தபின், “இத எத்தனை தடவ எங்கிட்ட சொல்லியிருக்கீங்க?” என்றாள்.

“இதோட பன்னெண்டு.”

“ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் அழுதேனா?”

“ஆமா.”

படிவத்தை அவளிடம் நீட்டினார். பதினோரு முறையும், ‘எம்பிள்ளைக்கு மாசத்துக்கு ஒரு நாளாவது நான் அழ வேண்டாமா?’ என்று தள்ளிவிட்டவள், இன்று அதை விட்டுவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

“நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு எப்படி இருக்கு?”

அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“முடியல ஆவுடை. மாசாமாசம் ஒங்கிட்ட வந்து அவளச் சாகடிக்கேன்.”

அவள் கையெழுத்துப் போட்டாள். மெர்சி வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

“பையில இன்னும் எவ்வளவு இருக்கு?”

“அரை மணிக்கு வரும்.”

“அப்ப முதல்லேர்ந்து சொல்லுங்க. ஒண்ணு விடாம. இனிமே கேக்கவா போறேன்?”

சொன்னார். புயல் எச்சரிக்கை, தூத்துக்குடிக் கடல்சுவர், மூன்றாவது மதகு. பவளம் அங்கே பொறியாளர், மேலே நின்றால் போதும். உள்ளே இரண்டு பேர் மாட்டிக்கொண்டதாகக் கேட்டு அவள் இறங்கியது. அவர்கள் ஏறிவந்தது. அவள் வராதது.

“அன்னைக்குக் காலையில?”

மெய்விளக்கு பொய்யைத்தான் பிடிக்கும். மறைப்பதைப் பிடிக்காது.

“போன் பண்ணினா,” என்றார். “அம்மாட்ட குடுங்கப்பான்னா. ஒனக்குத்தான் அப்பவே ஆளு அடையாளம் தெரியாதே. ‘அவளுக்கு என்னட்டி புரியப்போவுது’ன்னு சொல்லி போன வச்சுட்டேன். ரெண்டாவது தடவ அடிச்சா. நான் எடுக்கல.”

அடிக்கப்போகிறாள் என்று எதிர்பார்த்தார். ஆவுடையின் முகம் மெல்ல மலர்ந்தது.

“எங்கிட்டயா? எங்கிட்டப் பேசணும்னா கேட்டா?”

“ஒங்கிட்டதான்.”

“ரெண்டு தடவையா?”

“ஆமா.”

“நான் யாருன்னே எனக்குத் தெரியாதப்பவும் அவளுக்கு நான் அம்மாவா இருந்திருக்கேன்.” அழுதுகொண்டே சிரித்தாள். “பதினோரு தடவ இத எனக்குத் தராம வச்சிருந்தீங்களே, பாவி மனுஷா.”

உலகநாதன் எழுந்து கதவுக்கு ஓடினார். “மெர்சி! அந்தப் படிவத்தத் திருப்பிக் குடும்மா.”

“பதிவாயிட்டே ஐயா. அம்மாதான் ரத்து பண்ணணும். பை தீருறதுக்குள்ள அவங்க வாயால சொல்லச் சொல்லுங்க.”

திரும்பி ஓடிவந்து கட்டிலோரம் மண்டியிட்டார். “ஆவுடை, கையெழுத்த ரத்து பண்ணுதேன்னு சொல்லு. அடுத்த மாசமும் வருவோம். இத மறுபடியும் சொல்லுதேன். முதல்லயே சொல்லுதேன்.”

குழாயில் கடைசிச் சொட்டு இறங்கிவிட்டிருந்தது. ஆவுடையம்மாள் ஈரமாயிருந்த தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, விரலை ஆச்சரியமாக உற்றுப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்து, யாரோ வேற்றாளிடம் காட்டும் மரியாதையோடு, கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் விட்டாள்.