இரண்டு பக்கமும் முட்டு

"இந்த அட்டை வீடு வாசப்படியத் தாண்டுச்சுன்னா... நீ மறுபடி இந்த வாசப்படிய மிதிக்காத! சொல்லிட்டேன்!"

மேஸ்திரி போட்ட சத்தத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. மருமகள் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அவள் இரண்டு கைகளிலும் ஓர் அகலமான பலகை. அதன்மேல் அட்டையாலும் மரச்சீவலாலும் ஒட்டிய ஆறு குட்டி வீடுகள். அவர்கள் தெருவின் அதே ஆறு வீடுகள்தான். ஜன்னல், படிக்கட்டு, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் அச்சு அசலாக இருந்தன. மூன்று மாத உழைப்பு! பத்து மணிக்கு அது கல்லூரி அரங்கத்தில், தேர்வுக் குழுவின் முன்னால் இருந்தாக வேண்டும்.

முப்பத்தைந்து வயதில் கட்டடக்கலை மாணவி! தெருவே அவளுக்கு 'டேப்பக்கா' என்று பெயர் வைத்திருந்தது. எங்கே போனாலும் இடுப்பில் அளவு டேப்பைச் செருகிக்கொண்டுதான் போவாள்.

முப்பது வருடம் கட்டட வேலை பார்த்த மேஸ்திரிக்கு ஒரு கட்டடத்தைக் கண்டால் சும்மா இருக்க வராது, அது அட்டையாக இருந்தாலும் சரி. காலையில் எழுந்ததும் குனிந்து ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்தார். நாலாவது, தன் வீடு. ஐந்தாவது, தம்பி வீடு. இரண்டுக்கும் நடுவில்... ஒன்றுமில்லை!

"எங்கடி அந்தச் சுவரு? என் கையால கட்டின சுவரு... எங்க?"

"மாமா, அது படிப்புக்காகப் போட்ட டிசைன்தான்..."

"படிப்பா? இஸ்திரிக் கடைக்காரன் சொன்னப்ப நான் நம்பல. நாலு நாள் அந்த வீட்டுக்குள்ள போயிட்டு வந்திருக்கியாமே! பதிமூணு வருஷமா நான் திரும்பிக்கூடப் பாக்காத வீடு. உன்னை யாரு அங்க போகச் சொன்னா? சொல்லு!"

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். உள்ளறையிலிருந்து மாமியாரின் இருமல் கேட்டது. மாமியார்தான் அவளை அனுப்பினாள். "என் ஓரகத்திக்கு உடம்பு சரியில்லையாம், ஒரு எட்டு பாத்துட்டு வாம்மா. நான் கேட்டேன்னு மட்டும் மாமா காதுல விழுந்துராம பாத்துக்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். போன இடத்தில் டேப் சும்மா இருக்குமா? அளந்தாள்.

"யாரும் சொல்லல மாமா. நானாத்தான் போனேன்."

"கேட்டியாடா உன் பொண்டாட்டி சொல்றத?" என்று மகன் பக்கம் திரும்பினார் மேஸ்திரி. "மார்க்குக்காக மாமனார் மானத்த விக்கிறா!"

கணவன் எலக்ட்ரீஷியன். ஊரார் வீட்டில் எந்தக் கம்பியையும் பயமில்லாமல் தொடுவான். அப்பாவின் முன்னால் மட்டும் வார்த்தை வராது. அன்றைக்கும் வரவில்லை. ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு, பலகையின் மறுமுனையைப் பிடித்தான்.

"ரெண்டு பேரா தூக்குனா அசையாது... வா."

அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வாசற்படியைத் தாண்டிவிட்டாள்.

ஆட்டோவில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது பதினாலு வருடம் கண்முன் ஓடியது. அவள் கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது கல்யாணம் நடந்தது. "படிப்ப முடிக்கட்டும்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் மேஸ்திரி, தம்பி தச்சர். இருவரும் சேர்ந்து கட்டிய ஜோடி வீடு அது. நடுவில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடை, மேலே ஒரே தளம். காற்று இந்த வீட்டு ஜன்னலில் நுழைந்து அந்த வீட்டு ஜன்னல் வழியாக வெளியே போகும். புதுப்பெண்ணாக அவள் அந்த நடையில் உட்கார்ந்துதான் படம் வரைந்தாள்.

அந்த வருடமே ஒரு வேலையிடத்தில் சாரம் சரிந்தது. மேஸ்திரி மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து கால் ஒடிந்தார். "சாரம் கட்டினவன் என் தம்பி! அவன் கட்டின லட்சணம்!" என்று அத்தனை வேலையாட்கள் முன்னாலும் கத்தினார். தம்பி வீடு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். கால் கூடியதும் மேஸ்திரி செய்த முதல் வேலை, அந்த நடையின் நடுவில் சுவர் எழுப்பியது. மாமனாரைக் கவனிக்க அவள் படிப்பை நிறுத்தினாள். சுவர் வந்த அடுத்த வருடம் மாமியாருக்கு மூச்சிரைப்பு வந்தது. நிறுத்திய படிப்பு பதினோரு வருடம் அப்படியே நின்றுபோனது!

மறுபடி சேர்ந்தபோது பக்கத்து மேசைப் பிள்ளைகள் அவளை 'ஆன்ட்டி' என்றார்கள். முதல் பயிற்சியில் அவள் ஒரு பேருந்து நிழற்குடை வரைந்தாள். கூரையில் விழும் மழைநீர் குழாய் வழியே ஒரு தொட்டிக்கு வந்து, வெயிலில் காத்திருப்பவர்கள் முகம் கழுவ உதவும். அடுத்தது நாற்பது குடும்பங்களுக்கு ஒரே துவைக்கும் கூடம். அழுக்குத் தண்ணீர் மணல் வழியாக வடிந்து காய்கறிப் பாத்திக்குப் போகும். "நாற்பது பொம்பளைங்க ஒரே இடத்துல துவைச்சா துணியா வெளுக்கும்?" என்று மேஸ்திரி கேலி செய்தார். பிள்ளைகளோ அதற்குப் பிறகு 'ஆன்ட்டி'யை விட்டுவிட்டு 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்!

கடைசி வருட வேலைக்கு அவள் தன் தெருவையே எடுத்தாள். ஆறு வீடுகளின் பின்புறங்களையும் இணைத்து ஒரே நிழல் முற்றம். மழைநீருக்குப் பொதுத் தொட்டி, துவைக்க ஓர் இடம், மாலையில் உட்கார்ந்து பேச ஓர் இடம். அதற்கெல்லாம் முதல் வாசல் அந்த நடைதான்.

அரங்கத்தில் கூட்டம் நெரிந்தது. பெற்றோர்கள், தெருக்காரர்கள் எல்லோரும் வந்து பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நரைத்த மீசைக்காரர். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டும் பழக்கம் அவருக்கு. மாடலைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார்.

"ஏம்மா, நீங்க அளந்து போட்ட படத்துல இங்க ஒரு சுவர் இருக்கு. டிசைன்ல இல்ல. இது யார் சுவர்?"

"என் மாமனார் கட்டினது சார்."

"எடுக்க அவர் சம்மதிச்சாரா?"

அரங்கம் அவளையே பார்த்தது. பொய் சொல்லிவிடலாம், ஒரே ஒரு வார்த்தை! அவள் தலையை ஆட்டினாள்.

"இல்ல சார்."

"அப்போ இது வெறும் அட்டைதானே? சேர்ந்து வாழறத வரையறது சுலபம். அந்த ஆளுங்க சேரலேன்னா?"

மருமகள் நாலாவது அட்டை வீட்டின் ஒரு குட்டி ஜன்னலில் விரலை வைத்தாள்.

"சார், எங்க வீட்டு ஒவ்வொரு ஜன்னல்லயும் ஒரு பருத்தி நூல் கட்டினேன். நாப்பது நாள், ஒரு நாளைக்கு மூணு தடவை, அசையுதா இல்லையான்னு பாத்து எழுதினேன். இந்த அறை என் மாமியாரோடது. நாப்பது நாள்ல ஒரு தடவகூட அசையல சார்! சுவத்துல ஓதம் எவ்வளவு ஏறுதுன்னு வாரா வாரம் பென்சில்ல கோடு போட்டேன். இப்ப இடுப்பளவு வந்துருச்சு. இந்தச் சுவரு நிக்கிற இடத்துக்குக் கீழதான் ரெண்டு வீட்டுத் தண்ணியும் தெருவுக்குப் போற வாய்க்கால் இருந்துச்சு. அது அடைபட்டுப் போச்சு. அதுலேர்ந்துதான் அத்தைக்கு மூச்சு வாங்குது. நான் சண்டைய எதிர்த்துக் கோடு போடல சார். அவங்க மூச்சு விடணும்னு போட்டேன்..."

"நான்தாங்க அவள அனுப்பினேன்!"

கூட்டம் விலகியது. இரைக்க இரைக்க வந்து நின்றாள் மாமியார். ஒரு பக்கம் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது ஐந்தாவது வீட்டு ஓரகத்தி! மருமகள் கிளம்பியதும், மாமியார் பதிமூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். தச்சர்தான் இருவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நோயாளி மனைவி வீட்டில் இல்லை என்றதும் அடுத்த ஆட்டோவில் பதறிக்கொண்டு துரத்தி வந்த மேஸ்திரி, வாசல் தூணருகில் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். நூல் கதை முழுவதும் அவர் காதில் விழுந்திருந்தது.

"அந்த வீட்டுக்குப் போகச் சொன்னது நான்! என்னைக் காட்டிக் குடுக்காம எல்லாப் பேச்சையும் இவ வாங்கிக்கிட்டா. வருஷா வருஷம் நீங்க வெள்ளையடிச்சு மறைச்ச ஓதத்த இவ ஒருத்திதாங்க கண் திறந்து பாத்தா..."

தச்சரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அக்கா இருமுறதக் கேட்டுக்கிட்டேதாங்க நாங்க தினம் படுக்குறோம். நடுவுல ஒத்தைச் செங்கல்தான்... ஆனா ஒரு டம்ளர் வெந்நீர்கூடக் குடுக்க முடியல..."

மேஸ்திரி காலை இழுத்து இழுத்து மேசையருகே வந்தார். மாடலையே முறைத்தார்.

"தப்பு!" என்றார்.

மருமகளின் முகம் வாடியது. கணவன் ஓரடி முன்னால் வந்தான். முதல் தடவையாக அவன் வாய் திறந்தது. "அப்பா, போதும்ப்பா... இனி ஒரு வார்த்த அவள..."

"சும்மா இருடா! வேலை தப்புங்கறேன்!" மேஸ்திரியின் தடித்த விரல் அட்டைத் தளத்தைத் தொட்டது. "இது இப்ப வெறும் சுவரு இல்ல சார். மேல தண்ணித் தொட்டி வச்சிருக்கேன், அந்தப் பாரம் முழுக்க இதுமேலதான் இறங்குது. இவ வரைஞ்ச மாதிரி உருவினா தளமே உக்காந்துரும்! முதல்ல தொட்டிய எறக்கணும். முட்டுக் குடுக்கணும். நடுவுல ஒரு உத்திரம் சேக்கணும். அப்புறம் மேலேர்ந்து ஒவ்வொரு கல்லா எடுக்கணும். முட்டு ஒரு பக்கம் குடுத்தா நிக்காது, ரெண்டு பக்கமும் குடுக்கணும்! அந்தப் பக்கம்..."

நிறுத்திவிட்டார். அந்தப் பக்கம் யார் கொடுப்பது?

"அந்தப் பக்கம் நான் குடுக்குறேன்ணே." கூட்டத்தின் பின்னாலிருந்து தச்சரின் குரல் வந்தது. "நான் கட்டுறத... நீ நம்பினா."

மேஸ்திரி கோணிப்போன தன் காலை ஒரு தடவை குனிந்து பார்த்தார்.

"நம்பாம என்னடா... அன்னைக்கு அந்தச் சாரத்துமேல அளவுக்கு மீறிக் கல்ல ஏத்தச் சொன்னது நான். 'வேணாம்ணே, தாங்காது'ன்னு நீ சொன்ன. நான் கேக்கல. விழுந்த வலியில... இல்ல, வலியில்ல, வெக்கத்துல... பழிய உன் தலையில போட்டுட்டேன். அத மறைக்கத்தான்டா சுவரு கட்டினேன்!"

"அண்ணே..."

"நீ முட்டுக் குடு. அதுக்கு மேல முதல்ல நான் ஏறி நிக்கிறேன். போதுமா?"

தம்பி ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டார். இரண்டு கிழவர்களும் குழந்தைகள் மாதிரி அழுதார்கள். பின்வரிசை மாணவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். யார் தொடங்கியது என்று தெரியவில்லை, அரங்கமே தட்டியது!

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளிடம் திரும்பினார். "என் கால் ஒடிஞ்சதுக்கு உன் படிப்பு நின்னுச்சு. என் பொய்யால உன் அத்தைக்கு மூச்சு முட்டுச்சு. அதுக்கப்புறமும் உன்னையே வாசலுக்கு வெளிய நிறுத்தினேன் பாரு... வீட்டுக்கு வந்துரும்மா."

"நான் எங்க மாமா போனேன்? பரீட்சைக்குத்தானே வந்தேன்!" என்று அழுதுகொண்டே சிரித்தாள் அவள்.

நரைத்த மீசைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைப்பதற்காக. "அந்த உத்திரத்த மட்டும் படத்துல சேத்துடுங்கம்மா. மேஸ்திரி சொன்னது சரி. மத்தபடி நான் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைச்சிருச்சு." அந்த வருடம் வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண் அவளுடையது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தெரு திரண்டுவிட்டது. தொட்டியை இறக்கிவைத்தாகிவிட்டது. இரண்டு பக்கமும் தச்சரின் மர முட்டுகள் நெட்டுக்குத்தாக நின்றன. புது உத்திரம் ஏறி உட்கார்ந்துவிட்டது. மேஸ்திரி சொன்னபடியே முட்டுப் பலகையில் முதலில் ஏறினார். கீழே தம்பி அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாண்ணே, மெதுவா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"கத்தாதடா, காது கேக்குது!" என்றவர் மருமகளைப் பார்த்தார். "எந்தக் கல்லுல கை வைக்கட்டும்? சொல்லும்மா, நீதானே வரைஞ்ச!"

அவள் கை காட்டினாள். உளி இறங்கியது. ஒரு கல் அசைந்தது, கையோடு வந்தது. அடுத்தது. இடைவெளி ஒரு முகம் அளவு ஆனதும் இந்தப் பக்கத்திலிருந்து மாமியாரும் அந்தப் பக்கத்திலிருந்து ஓரகத்தியும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தார்கள். பேசத்தான் வாயைத் திறந்தார்கள், அழுகைதான் வந்தது. ஓரகத்தியின் கை ஓட்டை வழியாக நீண்டு மாமியாரின் கன்னத்தைத் தடவியது.

மூன்றாவது வீட்டுக்காரி பின்சுவரின் மேலிருந்து கூவினாள். "டேப்பக்கா! எங்க வீட்டுப் பின்சுவருக்கு எப்ப வருவீங்க? இன்னைக்கே வாங்க!"

"எங்களுக்கும் அளக்கணும்!" என்றது ஆறாவது வீடு.

"ஏய், நிறுத்துங்க எல்லாரும்!" மேலேயிருந்து மேஸ்திரியின் அதே பழைய சத்தம். "அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து நிக்கிறா. முதல்ல அவ ஒரு வாய் சாப்பிடட்டும்! டேய், போய் அவளுக்குத் தட்ட எடுத்து வைடா!"

கணவன் அடுக்களைக்கு ஓடினான். பதினாலு வருடமாக அந்த வீட்டில் எல்லோருக்கும் தட்டு வைத்தவள், தூசி படிந்த கைகளோடு, சிரிப்பும் கண்ணீருமாக அப்படியே நடையில் உட்கார்ந்தாள்.