அமாவாசையில் போட்ட கோலம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுங்களா, கடைசியில் இருக்கிறவருக்கும் கேட்கட்டும். ஓர் ஆடி அமாவாசைக் கதை சொல்கிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வேங்கிக்கால் பக்கம் ஆபீஸ்கள் வந்து, புதுசு புதுசாக வீடுகள் முளைத்த காலம். அமாவாசைக்கு முந்தின சாயங்காலம் அருணாதேவி பின்பக்கம் போனால், மத்தியானம் அப்படியே போட்டுவிட்டு வந்த எச்சில் பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துக் கிடக்கிறது. ஈரத்தில் புளியும் சாம்பலும் கலந்த வாசனை. அவள் வீட்டில் சோப்புத்தூள்தான். வேலைக்கு ஆள் கிடையாது.

புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பவள் மாமியார் எல்லம்மாள். அவள் போய்ச் சேர்ந்து வருஷம் ஒன்று தாண்டிவிட்டது.

கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லையை விற்று அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்ததே எல்லம்மாள்தான். கிரகப்பிரவேசத்தன்று, வெடித்த கையில் காபி ஏந்தி வந்த கிழவியைப் பார்த்து ஆபீசர் வீட்டம்மா, "இது யாரு?" என்று கேட்டாள்.

"வேலைக்காரம்மாங்க" என்று அருணாதேவியின் வாயில் வந்துவிட்டது.

எல்லம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து சாகும்வரை அவள் முன்வாசலை மிதிக்கவே இல்லை; போக வர பின்வாசல்தான். "ஏம்மா இப்டி சுத்திக்கினு வர்ற?" என்று மகன் சக்திவேல் கேட்டால், "காத்தாட வர்றேன்டா" என்பாள். அருணாதேவி தலையைக் குனிந்துகொள்வாள்.

கிழவி போன பிறகு அந்த உறுத்தலில்தான் அவளுக்குத் தூக்கம் போனது. ஜோசியர் வேடியப்பனிடம் போய், தூக்கமில்லை என்று மட்டும் சொன்னாள்.

"சந்திரன்னா மனசும்மா. சந்திரன்னா அம்மாவும்தான். ஆடி அமாவாசைல சூரியனோட சேந்து சொந்த வீட்டுக்கே வருது. படையல் முன்னாடி நின்னு, உறுத்தறத வாய்விட்டு சொல்லிடுங்க. பழசெல்லாம் அந்த இருட்டோட கழிஞ்சிடும். அப்புறம் வளர்பிறையாட்டம் நீங்களும் வளருவீங்க. கோலம் மட்டும் போட்டுடாதீங்க. கோலம் இருந்தா பெரியவங்க உள்ள வரமாட்டாங்க."

அவள் மனதில் கடைசி வார்த்தை மட்டும் தங்கியது.

"அம்மாக்கு முருங்கக்கீர ஜாஸ்தி வெய்யி" என்று சொல்லிவிட்டு, அமாவாசை காலையில் சக்திவேல் எள்ளும் தண்ணீரும் விடக் குளத்தங்கரைக்குப் புறப்பட்டான். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் அருணாதேவி கோலமாவை எடுத்தாள். வாசலை அடைத்து, கால் வைக்க இடம் விடாமல், அக்கம்பக்கத்தார் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இழுத்தாள்.

பிறகு இலை போட்டு, சாம்பிராணி காட்டி, படத்துக்கு முன்னால் நின்றாள்.

"அத்த..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. ஆளில்லாத வீட்டில், செத்தவளிடம் சொல்லவும் வெட்கம்.

ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த ஆடிக்காற்று நின்றது. பகல் வெளிச்சம் சாயம் போனாற்போல் வெளுத்தது. சாதம் வைக்க மாடிக்குப் போனாள். காக்கைகள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடச் சோற்றைப் பார்க்கவில்லை. எல்லாம் கீழே, துவைகல் பக்கம் பார்த்தன.

இறங்கி வந்தாள்.

சரக். சரக்.

புளி வாசனை. சாம்பல்.

பின்வாசல். அங்கே அவள் கோலம் போடவில்லை.

தேய்க்கும் சத்தம் நின்றது. தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது.

"வேல முடிஞ்சிதுங்கம்மா."

மருமகளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை அந்தக் குரல். இடுக்கில் ஒரு கை நீண்டது. வெடித்த கை. விரல் நுனியில் தண்ணீர் சொட்டியது. கையில் ஒரு காலித் தட்டு.

"சோறு போடறீங்களாம்மா?"

அருணாதேவியால் அசைய முடியவில்லை. முன்வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"அருணா! இன்னிக்கு ஏன் கோலம் போட்ட?" சக்திவேலின் குரல் நெருங்கியது. "பேச்சு சத்தம் கேக்குதே. பின்னால யாரு?"

சொல்லலாம். இப்போது சொல்லிவிடலாம். அந்தக் கை காத்திருந்தது.

"வேலைக்காரம்மாங்க" என்றது அவள் வாய்.

கை தட்டைக் கீழே வைத்தது. கதவு சாத்திக்கொண்டது.

சரக். சரக். சரக்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முன்வாசல் வழியாகவே வந்து, வயிறார உண்டு, பிள்ளைகுட்டிகள் தலையில் கைவைத்து வாழ்த்தட்டும் கண்ணுங்களா. உங்கள் குடும்பம் குளிர்ந்திருக்கட்டும்.