கொம்புமலையில் ஒரு கல்

"பொழுது சாயறதுக்குள்ள அந்தக் கல்லைப் படம் புடிச்சுக்கிட்டு இறங்கியாகணும் மாமா. இல்லேன்னா நாளைக்கு நாப்பது குடும்பமும் மூட்டை கட்ட வேண்டியதுதான்!"

சொல்லிவிட்டுக் கோமளா முதல் அடியை எடுத்து வைத்தாள். கிழக்கு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. பின்னால் அவளுடைய தாய்மாமன் சடையன், அவருக்குப் பின்னால் அவர் மகன் இளவரசு. படை அவ்வளவுதான்!

நாளை காலை பத்து மணிக்குத் தாலுகா ஆபீசில் கடைசி விசாரணை. தும்பைக்காட்டுச் சரிவில் நாலு தலைமுறையாகச் சாமை விதைத்துப் பிழைக்கும் ஜனங்கள், நிலம் எங்களுடையது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனார்கள். அதிகாரி ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "வாய்ப்பேச்சு வேண்டாம். எழுத்து காட்டுங்க." எழுத்துக்கு எங்கே போவது? ஊரில் முதல் பட்டதாரி என்கிற பெருமைக்காக, தேடும் வேலை கோமளா தலையில் விழுந்தது. தகரப் பெட்டியைக் குடைந்ததில் கொள்ளுத்தாத்தாவின் பழைய மனு ஒன்று சிக்கியது. 'கொம்புமலை உச்சியில் ஜமீன் நட்ட எல்லைக்கல்லில் வெட்டியிருக்கிறபடி' என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரியை நம்பித்தான் இந்தப் பயணம்.

மண்சரிவில் பாதை போனதிலிருந்து பன்னிரண்டு வருஷமாக யாரும் உச்சிக்கு ஏறவில்லை. ஏறப் பதினாலு கிலோமீட்டர், இறங்கப் பதினாலு.

முதல் ஓடையைத் தாண்டியதும் உண்ணிச்செடிப் புதர் ஆள் உயரத்துக்கு வழியை அடைத்துக்கொண்டு நின்றது. சடையன் அரிவாளை ஓங்கினார். அது வெட்டவில்லை, செடியைத் தடவிக் கொடுத்தது.

"என்னப்பா, அரிவாளா, அகப்பையா?" என்றான் இளவரசு.

"நேத்தே தீட்டியிருக்கலாமில்ல மாமா?"

"அது கூடாது கண்ணு!" சடையன் பதறிப்போனார். "மலைக்குப் போறதுன்னு பேச்சு வந்துட்டா வீட்டுல தீட்டவே கூடாது. உச்சியில சாமிக்கல்லு இருக்கு. அதுல நாலு இழுப்பு இழுத்தாத்தான் அரிவாளுக்குக் காவல். எங்கப்பன், பாட்டன், எல்லாரும் அப்படித்தான். திரும்பி வந்தா ஊரே அரிவாளைத்தான் வாங்கிப் பாக்கும். முனை பளபளன்னு இருந்தா உச்சிக்குப் போனான்னு அர்த்தம்."

கோமளா பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பளபளப்பை வைத்து இப்போது ஒரு கிளையாவது வெட்ட முடியுமா? மூன்று பேரும் புதரைக் கையால் விலக்கி, முள்ளில் கிழிபட்டு, வெளியே வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் காலி. ஆனாலும் மாமாவோடு சண்டை போட முடியாது. வழி தெரிந்தவர்களில் இன்னும் மலை ஏறத் தெம்பிருந்த ஆள் அவர் ஒருத்தர்தான்.

பதினோரு மணிக்கு மண்சரிவு வந்தது. மலையின் விலாவையே யாரோ பிய்த்து எறிந்தது மாதிரி இருந்தது. குறுக்கே போக ஒரு முழம் அகலத்துக்குப் பாறை விளிம்பு. கீழே பார்த்தால் மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

"கீழ பாக்காத! சுவத்தை ஒட்டி வா!" முதலில் கடந்து அந்தப் பக்கம் நின்ற சடையன் கத்தினார்.

கோமளா கடந்துவிட்டாள். இளவரசு கைக்கெட்டும் தூரத்துக்கு வரும்போது காலடிக் கல் பெயர்ந்தது! ஒரு காலும் ஒரு கையும் அந்தரத்தில் ஆட, அவன் விளிம்பைக் கட்டிக்கொண்டு தொங்கினான். கோமளா குப்புற விழுந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். சடையன் அவள் காலைப் பிடித்தார். இழு! இழு! சட்டை கிழிந்தாலும் ஆள் மேலே வந்து சேர்ந்தான். தண்ணீர்க் குடுவைதான் பள்ளத்தில் போயிற்று.

"கட்டிக்கப் போறவனைக் காப்பாத்திட்ட," என்று சிரித்தான் இளவரசு.

"யாரு கட்டிக்கப் போறா? எல்லைக்கல்லுக்கு ஒரு ஆள் குறையுமேன்னு புடிச்சேன். நட!"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, ஒன்றரை மணிக்கு உச்சியை மிதித்தார்கள். மூன்று பேரும் கூவினார்கள். ஒரு பக்கம் சமவெளி முழுக்க விரிந்து கிடந்தது. இன்னொரு பக்கம் தும்பைக்காட்டுக் கூரைகள் கையகலத்துக்குத் தெரிந்தன. கோமளாவுக்குக் கண் கலங்கியது. அந்தக் கையகலத்துக்குத்தான் இவ்வளவு பாடு.

தேடினார்கள். புல்லை மிதித்துப் படுக்க வைத்தார்கள். பாறை இடுக்குகளில் கையை விட்டார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. எல்லைக்கல் என்று ஒன்றும் இல்லை. உச்சியில் நட்டு வைத்த கல் ஒரே ஒன்றுதான் இருந்தது, இடுப்பளவு உயரத்தில்.

"அது சாமிக்கல்லு," என்றார் சடையன். செருப்பைக் கழற்றி, அரிவாளைத் துடைத்துக்கொண்டு போய், "இதுக்கு இந்தக் கிழக்கு முகந்தான் நல்லா வழவழன்னு இருக்கும்," என்று சொல்லித் தீட்டக் குனிந்தார்.

"மாமா, நிறுத்துங்க!"

அவள் போட்ட சத்தத்தில் சடையன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டார்.

கோமளா கல்லின் முன்னால் மண்டியிட்டாள். மற்ற மூன்று பக்கமும் சொரசொர என்று உளி படாத கல். கிழக்கு முகம் மட்டும் செதுக்கிய பலகை. அதன் மேல் மூலையில், அரிவாள் படாத இடத்தில், பாதி 'ஸ்ரீ' இருந்தது. அதற்குக் கீழே தடவிப் பார்த்தாள். வழவழ. இன்னும் கீழே. வழவழ. ஒரு எழுத்தில்லை, எழுத்தின் நிழல்கூட இல்லை.

ஒவ்வொரு வருஷமும் எத்தனை அரிவாள்! அரிவாளுக்கு நாலு இழுப்பு. எதிரி யாரும் வரவில்லை, ஜமீன் ஆள் யாரும் உளியோடு ஏறவில்லை. சொந்தச் சொத்துப் பத்திரத்தைச் சொந்தக் கையாலேயே, சாமி பேரைச் சொல்லி, பக்தியோடு தேய்த்துத் தீர்த்திருந்தார்கள்.

அவளுக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பதினோரு வயதில், பாதை போவதற்கு முந்தின வருஷம், அப்பா அவளைக் கையைப் பிடித்து ஏற்றி வந்து அரிவாளைக் கையில் கொடுத்தார். இழுக்கும்போது கரகரவென்று விரலுக்கு எதுவோ நெருடியது. "அந்த மேடுபள்ளம் போகட்டும், அழுத்தி இழு," என்றார் அப்பா. அவள் அழுத்தி இழுத்தாள். கடைசியாக மிச்சமிருந்தது எந்த வரியோ, கடவுளே!

"அடியில தோண்டிப் பாக்கலாம்," என்றான் இளவரசு. அவன் குரலில் இப்போது கேலி இல்லை.

மழுங்கிய அரிவாளாலேயே தோண்டினார்கள். ஒரு சாண் ஆழத்தில் எழுத்து! புதுசாக வெட்டியது போல, ஒரு கோடு சிதையாமல் இரண்டு வரி! கோமளா குனிந்தாள். மண்ணை எச்சில் தொட்டுத் துடைத்தாள்.

"படி கண்ணு, சத்தமாப் படி!"

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இந்த... சாசனத்தை... அழித்தவன்... கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போகக் கடவான்."

அவ்வளவுதான். யாருக்கு நிலம், எந்த எல்லை வரைக்கும், எல்லாம் மேலே இருந்திருக்கும். சாபம் மட்டும் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது.

சடையன் கல்லின் வழவழப்பைத் தடவிப் பார்த்தார்.

"அழிச்சவன்னா... நாமளா கண்ணு?"

கோமளா கையைத் துடைத்துக்கொண்டாள். போனை எடுத்துப் படம் பிடித்தாள். அந்தப் படத்துக்கு அதிகாரி ஒரு செண்டு நிலம்கூடத் தரமாட்டார் என்று தெரிந்தே பிடித்தாள். மூன்று மணி நேர இறக்கத்துக்கு முன்னால் வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இறங்கினார்கள். பாறை விளிம்பைக்கூட ஒரு பயமும் இல்லாமல் தாண்டினார்கள்.

பொழுது சாயும்போது தும்பைக்காடு திரண்டு வந்து ஊர் எல்லையில் நின்றது. மேளம்கூடக் கொண்டுவந்திருந்தார்கள். "வந்துட்டாங்க! வந்துட்டாங்க!" என்று பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஊர்க்கவுண்டர் வெள்ளையன் முன்னால் வந்தார். கல்லைப் பற்றிக் கேட்கவில்லை. வழக்கப்படி சடையன் கையிலிருந்து அரிவாளை வாங்கி, முனையில் கட்டை விரலை வைத்துப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"என்ன சடையா, மழுங்கியே கெடக்குது? உச்சிக்குப் போகலியா?"

"போனோம்," என்றார் சடையன். அரிவாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. "தீட்டாம வந்துட்டேன். எங்க பாட்டன் அப்படி வந்திருக்கணும்."